பிணத்தை அடையாளம் காட்டும் ஸ்வெட்டர்: ஆரன் பின்னல் பற்றி ஒரு குறிப்பு

கம்பளி பின்னுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கதை எப்படியும் வந்துவிடும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஆரன் தீவுகள் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிப் பின்னல் வடிவம் உண்டு. மீன் பிடிக்கப் போனவன் கடலில் மூழ்கி, முகம் அடையாளம் தெரியாமல் கரை ஒதுங்கினாலும், போட்டிருக்கிற ஸ்வெட்டரைப் பார்த்து இன்ன வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்களாம். ஆயிரம் வருஷத்துப் பழக்கம் என்று சேர்த்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. அந்தக் கிரீம் நிற ஸ்வெட்டருக்கு ஆயிரம் வருஷம் வேண்டாம், நூற்றிச் சொச்சம் வருஷம் இருந்தாலே அதிகம்.

"சரி, பொய்யாகவே இருக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. வரலாற்றை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் பாதிதான் புரியும். பின்னல் எப்படி வேலை செய்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பின்னத் தெரியாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம், தேவையான இடத்தில் விளக்கிவிடுகிறேன்.

கதை எங்கிருந்து வந்தது

ஆரன் தீவுகள் மொத்தம் மூன்று: இனிஷ் மோர், இனிஷ் மான், இனிஷ் ஈர். கால்வே விரிகுடாவின் வாயில் வரிசையாகக் கிடக்கும் சுண்ணாம்புப் பாறைத் தீவுகள். மண் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. மணலையும் கடற்பாசியையும் சுமந்து வந்து பாறைமேல் கொட்டி, சின்னச் சின்னக் கல்வேலிகளுக்குள் வயல் உண்டாக்கி உருளைக்கிழங்கு போட்ட ஜனங்கள். ஐரிஷ் மொழி இன்றைக்கும் பேசப்படுகிற இடம்.

1898இல் அங்கே ஜே. எம். சிங் போனார். (பஞ்சாபி சிங் இல்லை, டப்ளின் பக்கத்து நாடகாசிரியர்.) 1902 வரை பலமுறை போய்த் தங்கினார். அந்த அனுபவத்தில் எழுதிய நாடகம்தான் 'ரைடர்ஸ் டு தி ஸீ'. 1904இல் டப்ளினில் முதன்முதலாக மேடை ஏறியது. அதில் மைக்கேல் என்ற இளைஞன் கடலில் போய்விடுகிறான். வடக்கே டொனகல் கரையில் ஒரு பிணம் ஒதுங்க, அதிலிருந்து எடுத்த துணிகள் வீட்டுக்கு வருகின்றன. ஒரு சட்டையும் ஒரு காலுறையும். அண்ணனுடையதுதானா என்று தங்கைகள் இரண்டு பேரும் பார்க்கிறார்கள். அந்தக் காலுறையைப் பின்னியவள் நோரா. கண்ணிகளை எண்ணுகிறாள். ஏற்றியது 60 கண்ணி, அதில் விட்டது 4. கணக்கு சரியாக இருக்கிறது. அவ்வளவுதான், தெரிந்துவிட்டது.

இந்தக் காட்சியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அது ஸ்வெட்டர் இல்லை, சாதாரணக் காலுறை. அதில் குடும்ப வடிவமும் இல்லை, குலச் சின்னமும் இல்லை. அடையாளம் காட்டியது ஒரு பெண்ணின் ஞாபகம். தான் எத்தனை கண்ணி போட்டோம், எங்கே விட்டோம் என்று அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

சட்டையையும் காலுறையையும் ஸ்வெட்டராக்கி, நோராவின் ஞாபகத்தைக் குலச் சின்னமாக்கினால் நாம் முதலில் சொன்ன கதை வந்துவிடும். அந்தக் கதைக்கு இந்த நாடகமே வேர் என்று பின்னல் வரலாறு எழுதுகிறவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்.

சிங் இன்னொரு உதவியும் செய்திருக்கிறார். 1907இல் வந்த 'தி ஆரன் ஐலண்ட்ஸ்' நூலில் தீவுக்காரர்கள் என்ன உடுத்தினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். சாயம் ஏற்றாத கம்பளி, அவுரிச் சாயம் ஏற்றிய கம்பளி, சாம்பல் நிற ஃப்ளானல். பெரும்பாலும் தறியில் நெய்த துணிகள். பெரிய தீவில் இளவட்டங்கள் பலர் வழக்கமான மீனவர் ஜெர்சிக்கு மாறிவிட்டார்கள் என்றும், தான் இருந்த இனிஷ் மானில் அப்படி ஒன்றைத்தான் பார்த்ததாகவும் சொல்கிறார். கால் செருப்பு வரைக்கும் விவரித்த மனிதர். உடம்பெல்லாம் கயிறும் தேன்கூடுமாகப் புடைத்து நிற்கிற கிரீம் நிற ஸ்வெட்டர் ஊரெங்கும் இருந்திருந்தால் அவர் கண்ணில் படாமல் போயிருக்காது.

மீனவர் ஜெர்சி வேறு, இது வேறு

அவர் சொன்ன மீனவர் ஜெர்சி என்ன? பிரிட்டன் கரையோரம் முழுக்க வழக்கத்தில் இருந்த கேன்ஸி. கர்ன்ஸி என்ற தீவின் பெயரிலிருந்து வந்த சொல். ஐரிஷ் மொழியில் இன்றைக்கும் ஸ்வெட்டருக்கு 'கேன்ஸி' என்றுதான் பெயர். உடுப்பு எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

கேன்ஸி வேலை செய்கிறவனுக்கான உடுப்பு. கருநீலம். மெல்லிய, இறுக்கி முறுக்கிய நூல். சன்னமான ஊசிகளில் அடர்த்தியாகப் பின்னுவார்கள், காற்று நுழையாது. தையல் இல்லாமல் வட்டமாகப் பின்னுவது. கையை மட்டும் தோளிலிருந்து கண்ணி எடுத்து மணிக்கட்டு நோக்கிக் கீழே பின்னுவார்கள். ஏன் தெரியுமா? முதலில் தேய்வது மணிக்கட்டு. தேய்ந்ததும் அந்தப் பகுதியை மட்டும் அவிழ்த்துப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம். வடிவங்கள் பெரும்பாலும் மார்புக்கு மேலேதான். கீழ்ப்பகுதியும் முன்கையும் வெறுமையாக இருக்கும். இப்படி ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு காரணம் உண்டு.

இப்போது ஆரன் ஸ்வெட்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிரீம் வெள்ளை. ஐரிஷில் 'பான்' என்றால் வெள்ளை, அதிலிருந்து இந்தச் சாயம் போடாத கம்பளிக்கு 'பானீன்' என்று பெயர். தடித்த நூல். மேலிருந்து கீழ்வரை, கை உட்பட, எங்கும் வேலைப்பாடு. சில வடிவங்களில் குண்டு குண்டாக முடிச்சுகள் வேறு துருத்திக்கொண்டிருக்கும். மீன்வலை இழுக்கிறவன் போட்டால் கொக்கியெல்லாம் அதில்தான் மாட்டும். மீன் செதிலும் தாரும் பட்டு ஒரே வாரத்தில் அதன் வெள்ளை போய்விடும். உடுப்பையே கேட்டால் அது சொல்கிற பதில் இது: நான் கடலுக்குப் போகிறவன் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன்.

தீவில் நினைவாகச் சொல்லப்படுவதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆரம்பகால வெள்ளை ஸ்வெட்டர்கள் சிறுவர்கள் புதுநன்மை, உறுதிபூசுதல் நாட்களில் போடப் பின்னியவை என்கிறார்கள். அம்மா பிள்ளைக்கு விசேஷ நாளைக்கென்று பின்னியது. பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையதைவிட ஒரு கேபிளாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று எந்த அம்மாவுக்கும் தோன்றும்தானே.

கேபிள் எப்படி உருவாகிறது

பின்னலில் அடிப்படை இரண்டே அசைவுகள்: நிட், பர்ல். ஒரே கண்ணியின் முன்பக்கமும் பின்பக்கமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிட் பக்கம் வழவழப்பாக 'வி' வடிவில் தெரியும். பர்ல் பக்கம் சின்ன மேடுகளாகத் தெரியும். பர்ல் பரப்புக்கு நடுவே சில நிட் கண்ணிகளை நிறுத்தினால் நிட் மேலெழுந்து நிற்கும், பர்ல் உள்ளே ஒடுங்கும். ஆரன் பின்னலின் புடைப்புக்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் குறுக்கு மாற்றம். 4 கண்ணிகள் வரிசையாக இருக்கின்றன. முதல் 2ஐ ஒரு சின்னத் துணை ஊசிக்கு மாற்றி ஒதுக்கி வைக்கிறோம். அடுத்த 2ஐப் பின்னுகிறோம். பிறகு ஒதுக்கி வைத்ததைப் பின்னுகிறோம். இடம் மாறிவிட்டது, கயிறு முறுக்கிக்கொண்டது. துணை ஊசியைத் துணிக்கு முன்னால் வைத்தால் முறுக்கு இடது பக்கம் சாயும், பின்னால் வைத்தால் வலது பக்கம். மொத்த ஆரன் பின்னலின் ரகசியமும் இதற்குள் அடக்கம். வைரம், தேன்கூடு, பின்னிப் பிணைந்த வலை எல்லாமே, எப்போது முன்னால், எப்போது பின்னால், எத்தனை வரிசைக்கு ஒருமுறை என்பதன் விளையாட்டுதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. குறுக்கே மாற்றும்போது துணி சுருங்கும். வெறும் பின்னலில் 10 செ.மீ.க்கு 18 கண்ணி வருகிற நூலில், கேபிள் போட்டால் 24 வரைகூட வேண்டியிருக்கும். நூலும் கால் பங்குக்குக் குறையாமல் கூடுதலாகப் போகும். பதிலுக்கு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கண்ணிகளுக்கு நடுவே காற்று தங்கும், குளிர் அண்டாது.

அப்புறம் அமைப்பு. நல்ல ஆரன் ஸ்வெட்டரில் நடுவே ஒரு அகலமான பட்டை இருக்கும். அதன் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே ஜோடிகளாகக் குறுகலான பட்டைகள். ஓரத்தில் அளவைச் சரிக்கட்ட எளிய பின்னல். ஒவ்வொரு பட்டையும் வேறு வேறு வரிசைக் கணக்கில் திரும்பும். ஒன்று 6 வரிசைக்கு ஒருமுறை, இன்னொன்று 8க்கு, நடுப்பட்டை 20க்கு. இத்தனையையும் தாளில் எழுதிக்கொள்ளாமல் மனக்கணக்கிலேயே ஓட்டினார்கள் தீவுப் பெண்கள். ஒரே ஊசி வரிசையில் நாலு தாளம் ஒன்றாகப் போடுகிற காரியம் அது.

அப்படியானால் யார் கண்டுபிடித்தது?

1891இல் பிரிட்டிஷ் அரசு அயர்லாந்தின் மேற்குப் பகுதி வறுமையைக் குறைக்க ஒரு வாரியம் அமைத்தது. காங்கெஸ்டட் டிஸ்ட்ரிக்ட்ஸ் போர்டு என்று பெயர். படகுத்துறை, மீன்பிடித் தொழில், பெண்களுக்குக் கைத்தொழில் என்று பல வேலைகள் செய்தது. ஆரன் பக்கம் மீன் பிடிக்க வெளியூர்ப் படகுகளும் ஆட்களும் வரத் தொடங்கினார்கள். கேன்ஸியும் கூடவே வந்தது. கேன்ஸியைப் பார்த்த தீவுப் பெண்கள் அதைத் தங்களிடம் இருந்த தடித்த வெள்ளை நூலில் பின்னிப் பார்த்து, வடிவங்களை உடம்பு முழுக்கப் பரப்பி, கேபிளைச் சேர்த்து வேறொன்றாக்கினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது நடந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலோரின் கருத்து.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவைச் சேர்ந்த பின்னல் வடிவமைப்பாளர் அலிஸ் ஸ்டார்மோர் ஒரு படி மேலே போகிறார். அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய ஸ்வெட்டர்களைக் கண்ணி கண்ணியாக ஆராய்ந்து, 1997இல் 'ஆரன் நிட்டிங்' என்ற நூலை எழுதினார். இந்த அமைப்பு எங்கோ ஒரு திறமைசாலிப் பெண்ணின் மூளையில் உதித்து, மற்றவர்கள் பார்த்துக் கற்றுப் பரவியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒருத்தியா பலரா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அவர்கள் பெண்கள், நம் பாட்டி காலத்தவர்கள், தெரிந்தே புதிதாக ஒன்றைச் செய்தவர்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

ஆயிரம் வருஷம் எப்படி ஒட்டிக்கொண்டது

1930இல் டப்ளினில் மியூரியல் கஹன் என்ற பெண்மணி 'தி கன்ட்ரி ஷாப்' என்ற கடையைத் திறந்தார். கிராமத்துக் கைவினைஞர்களிடம் நியாயமான விலைக்கு வாங்கி விற்பது நோக்கம். ஆரன் தீவின் பின்னல்களுக்கு நகரத்தில் சந்தை கிடைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1936இல் ஹைன்ஸ் எட்கர் கீவ என்பவர் டப்ளினில் ஒரு வெள்ளை ஸ்வெட்டரை வாங்கினார். ஆக்ஸ்போர்டில் கைவேலை நூல்களும் வடிவங்களும் விற்ற கடைக்காரர். அந்த ஸ்வெட்டரைப் பார்த்ததும் அவருக்கு 'புக் ஆஃப் கெல்ஸ்' ஞாபகம் வந்துவிட்டது. 800ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்ட, பிணைந்து பிணைந்து ஓடும் கோடுகளால் அலங்கரிக்கப்பட்ட நற்செய்திச் சுவடி அது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன, ஆகவே இது பழைய கெல்டியத் துறவிகளின் வழிவந்தது என்று முடிவு கட்டினார். 1967இல் 'பின்னலின் புனித வரலாறு' என்ற பொருளில் தலைப்பு வைத்துப் புத்தகமே போட்டார்.

பார்க்க ஒன்றுபோல் இருப்பது ஆதாரம் ஆகாது. நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய ஊசிப் பின்னல்கள் எகிப்தைச் சேர்ந்தவை, 11ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. ஐரோப்பாவில் ஸ்பெயினின் அரச கல்லறைகளில் கிடைத்த பின்னல் தலையணை உறைகள் 13ஆம் நூற்றாண்டு. 800இல் அயர்லாந்தில் யாரும் ஸ்வெட்டர் பின்னியதற்குத் தடயமே இல்லை. 1987இல் 'கைப்பின்னலின் வரலாறு' எழுதிய ரிச்சர்ட் ரட், கீவயின் கதையைப் பொறுமையாகப் பிரித்துப் போட்டார். ரட் லெஸ்டர் நகரத்து பிஷப் என்பது கூடுதல் சுவாரசியம். புனித வரலாற்றை மறுத்தவர் ஒரு பாதிரியார்!

ஆனால் சந்தைக்கு ரட் தேவைப்படவில்லை. 1961இல் கிளான்சி பிரதர்ஸ், டாமி மேக்கெம் என்ற ஐரிஷ் பாடகர் குழு அமெரிக்காவின் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வெள்ளை ஆரன் ஸ்வெட்டரோடு பாடியது. கிளான்சி சகோதரர்களின் அம்மா அமெரிக்கக் குளிருக்கென்று அனுப்பி வைத்தது, அதுவே குழுவின் சீருடை ஆகிவிட்டது. அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஐரிஷ் வம்சாவளியினர். மூதாதையர் நாட்டின் பொருள் ஒன்று கையில் வேண்டும் என்கிற ஏக்கம் அவர்களுக்கு. ஏக்கம் இருக்கும் இடத்தில் கதை நன்றாக விற்கும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வடிவத்துக்கும் அர்த்தம் வந்தது. கேபிள் என்றால் மீனவனின் கயிறு, வைரம் என்றால் தீவின் சிறு வயல், வளைந்து வளைந்து போனால் பாறைப் பாதை, தேன்கூடு என்றால் உழைப்பு. இதே பின்னல்கள் ஐரோப்பாவில் வேறு இடங்களிலும் வேறு பெயர்களில் உண்டு. ஆரனில் 'திரித்துவம்' என்று விற்கப்படும் பின்னலுக்கு இன்னொரு பெயர் 'ப்ளாக்பெர்ரி'. ஒரே பின்னல், ஒரு கடையில் கடவுள், இன்னொரு கடையில் பழம்!

குடும்பப் பெயர் வாரியாக வடிவம் விற்பதும் இந்த வியாபாரத்தின் பிள்ளைதான். மூன்று சின்னத் தீவுகளில் கால் வைத்தே இராத குடும்பப் பெயர்களுக்கும் இன்றைக்கு 'பரம்பரை ஆரன் வடிவம்' கிடைக்கும். ஸ்காட்லாந்தில் குலத்துக்கு ஒரு டார்ட்டன் கட்டம் என்ற ஏற்பாடும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தப்பட்டது. அதைப் பார்த்துச் செய்த மாதிரிதான் இருக்கிறது.

நஷ்டம் யாருக்கு

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பெரியவர் அளவு ஸ்வெட்டர். சுற்றளவு 110 செ.மீ., 10 செ.மீ.க்கு 24 கண்ணி என்றால் சுமார் 260 கண்ணி. உயரம் 65 செ.மீ., 10 செ.மீ.க்கு 26 வரிசை என்றால் சுமார் 170 வரிசை. உடம்புக்கு மட்டும் 44,200 கண்ணி. கை ஒன்றுக்குச் சராசரியாக 80 கண்ணி, 125 வரிசை, அதாவது 10,000. இரண்டு கைக்கு 20,000. ஆக மொத்தம் 64,000க்கு மேல். கேபிள் போடுகிறவர் நிமிஷத்துக்கு 20 கண்ணி பின்னுகிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 53, 54 மணி நேரம் ஆகிறது. கழுத்துப்பட்டை, தையல், தப்பானதை அவிழ்ப்பது எல்லாம் இதில் சேரவில்லை.

ஒரு கடையில் 'பாரம்பரியக் கைப்பின்னல்' என்று எழுதி 100 யூரோவுக்கு ஒரு ஸ்வெட்டர் தொங்குகிறது என்று வையுங்கள். கம்பளி விலை, வாடகை, வரி, லாபம் எதையும் கழிக்காமல் முழுப் பணத்தையும் பின்னியவர் கையில் கொடுத்தால்கூட மணிக்கு 2 யூரோ வராது. ஆகவே அது மெஷினில் பின்னியது, இல்லாவிட்டால் யாரோ ஒரு பெண்ணின் உழைப்பு சும்மா போயிருக்கிறது. இரண்டில் ஒன்றுதான். (மெஷினில் பின்னியது மட்டம் என்று சொல்லவில்லை. மெஷின் என்று சொல்லி விற்றால் வாங்கிப் போடலாம், நன்றாகவே இருக்கும்.)

கதை என்ன செய்கிறது என்று பாருங்கள். "ஆயிரம் வருஷத்து மரபு" என்று சொன்ன உடனே பின்னியவள் கண்டுபிடித்தவளாக இல்லாமல் ஆகிவிடுகிறாள். மரபு தானாகவே வந்தது, அவள் வெறுமனே கை மாற்றிக் கொடுத்தாள் என்று ஆகிறது. மாற்றிக் கொடுப்பதற்கு என்ன கூலி? "குல வடிவம்" என்றதும் ஸ்வெட்டர் போடுகிற ஆணின் பெயர் மேலே வருகிறது, பின்னிய பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. அந்தக் கதையில் மிச்சம் இருக்கிற ஒரே மனிதன் செத்துப்போன மீனவன்தான்.

கடலில் போனவர்கள் நிஜம். அந்தத் தீவுகளின் துக்கமும் நிஜம். அதைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் சிங்கின் நாடகத்தில்கூட அடையாளம் சொன்னவள் நோரா. அவளை எடுத்துவிட்டு ஸ்வெட்டரை மட்டும் வைத்துக்கொண்டது விற்பனைக்காரர்களின் வேலை.

தொடங்க நினைப்பவர்களுக்கு

இவ்வளவு படித்த பிறகு ஊசி எடுக்கத் தோன்றினால், நேராக ஸ்வெட்டரில் இறங்காதீர்கள். மேலே போட்ட கணக்கின்படி தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதம். டிசம்பர் குளிருக்கு வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே நூல் வாங்கியாக வேண்டும். முதல் முயற்சிக்குக் காதை மூடும் தலைப்பட்டை போதும். ஊட்டியில் இருந்தாலும் டொரண்டோவில் இருந்தாலும் பயன்படும். பத்து நாளில் முடியும்.

நூல் 'ஆரன்' தடிமன் என்றே கேளுங்கள், அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள். 50 கிராம் பந்து 2 வாங்குங்கள், கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். ஊசி 5 மி.மீ., கூடவே ஒரு கேபிள் ஊசி. வெளிர் நிறம் எடுங்கள், கருநிறத்தில் புடைப்பு தெரியாது.

26 கண்ணி ஏற்றுங்கள். முன்பக்க வரிசையில் எப்போதும்: 3 நிட், 2 பர்ல், நடுவில் 16 தேன்கூடு, 2 பர்ல், 3 நிட். பின்பக்க வரிசையில் எப்போதும்: 5 நிட், 16 பர்ல், 5 நிட். நடு 16க்கு உரிய 8 வரிசைகள் இவை:

1ஆம் வரிசை: 2 கண்ணியைத் துணை ஊசியில் பின்னால் வைத்து, 2 நிட், பிறகு துணை ஊசியில் உள்ள 2 நிட். அடுத்த 4இல் அதையே முன்னால் வைத்துச் செய்யவும். இந்த 8ஐ இன்னொரு முறை.
3ஆம் வரிசை: 16ம் நிட்.
5ஆம் வரிசை: 1ஆம் வரிசையைத் தலைகீழாக. முதலில் முன்னால், பிறகு பின்னால். இன்னொரு முறை.
7ஆம் வரிசை: 16ம் நிட்.
2, 4, 6, 8: பின்பக்க வரிசைகள், 16ம் பர்ல்.

இரண்டு சுற்று முடிந்ததும் தேன்கூடு தெரிய ஆரம்பிக்கும். முதல் 8 வரிசையில் ஒன்றும் புரியாது, பயப்படாதீர்கள். 48 செ.மீ. வந்ததும் முடித்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தையுங்கள். இழுபடும் என்பதால் தலைச் சுற்றளவைவிடச் சிறியதாக இருப்பதுதான் சரி.

எத்தனை கண்ணி, எத்தனை வரிசை, எந்த ஊசி, என்ன தேதி என்று ஒரு நோட்டில் எழுதி, கீழே உங்கள் பெயரையும் எழுதி வையுங்கள். ஆரனில் முதலில் பின்னியவர்கள் அப்படி எழுதி வைத்திருந்தால் இந்தக் குறிப்பில் பாதிக்கு வேலையே இருந்திருக்காது.

கேன்ஸியின் கையை மேலிருந்து கீழே பின்னுவது பற்றி ஒரு பத்தியில்தான் சொல்ல முடிந்தது. அக்குளுக்கு அடியில் வைக்கிற வைர வடிவத் துண்டோடு சேர்த்து, அதை அடுத்த குறிப்பில் விரிவாக எழுதுகிறேன்.